நில எடுப்பு: ஃபீல்டு புக்கில் ஆரம்பிக்கும் நியாயம்

(இறுதியாண்டு சிவில் மாணவன் ஒருவனின் கட்டுரை)



சர்வே பிராக்டிகல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? உச்சி வெயில், கனமான ட்ரைபாட், டேலி ஆகாத ரீடிங். டேலி ஆகாவிட்டால் என்ன, பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து ரெண்டு ரீடிங்கை மாத்திப் போட்டு, சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடிவிடுவோம். நானும் அப்படி ஓடியவன்தான். ஓடியவனை நிறுத்தி யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று எங்கள் ஊர் புளியமரம். இன்னொன்று சென்னை மெட்ரோ ரயில்.

முதலில் புளியமரம். நான் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகவேண்டிய ஒரு சின்ன ஊர். சாமையும் புளியும் பலாவும்தான் எங்களுக்குச் சோறு. நான் ஆறாவது படிக்கும்போது ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தார்கள். எங்கள் கொல்லையின் ஓரத்தில் ஐந்து புளியமரம் இருந்தது. வந்தவர் டேப்பைப் பிடித்தபடியே, "மரமெல்லாம் உன்னுதாப்பா?" என்று கேட்டார். அப்பா, "ஆமாங்க சார், எங்க தாத்தா வெச்சது" என்றார். அவ்வளவுதான் விசாரணை. பின்னால் பட்டியல் வந்தபோது அதில் மூன்று மரம்தான் இருந்தது. அப்பா இரண்டு தடவை பஸ் ஏறிக் கீழே போய்க் கேட்டார். "லிஸ்ட்ல மூணுதாம்ப்பா இருக்கு, நாங்க என்ன பண்றது?" என்று பதில் வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. எண்ணியவர் கெட்டவரும் இல்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இரண்டு மரம் விட்டுப்போய்விட்டது.

அடுத்தது மெட்ரோ. போன லீவில் டிரெய்னிங்குக்காகச் சென்னை போனபோது, மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களில் தகர அடைப்பும் கிரேனும் பார்த்தேன். ஊர் நிலம் எல்லாம் வீடாகவும் கடையாகவும் ஆன பிறகு, அதற்கு நடுவே ரயில் விட நிலம் எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வி வந்தது. திரும்பி வந்து லைப்ரரியில் உட்கார்ந்து படித்ததை உங்களுக்கும் பாடமாகச் சொல்கிறேன். சிலபஸில் இது இல்லை. ஆனால் வேலைக்குப் போனால் முதல் நாளே வேண்டியிருக்கும்.

பாதாளத்தில் போகும் ரயிலுக்கு எதற்கு நிலம்?

சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007-ல் தொடங்கப்பட்டது. மத்திய அரசும் மாநில அரசும் அதில் கூட்டு. முதல் கட்டம் சுமார் 45 கி.மீ. கோயம்பேடு - ஆலந்தூர் இடையே 2015 ஜூன் 29-ல் முதல் வண்டி ஓடியது. 2019 பிப்ரவரியில் முதல் கட்டம் முழுதும் முடிந்தது. இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. மாதவரம் - சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி, மாதவரம் - சோழிங்கநல்லூர் என்று மூன்று வழித்தடம். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3-ல் இதற்கு ஒப்புதல் தந்தது.

பாலத்தின் மேல் போகும் இடத்தில் தூண்களை ரோட்டின் நடுவிலேயே ஊன்றிவிடலாம். பூமிக்கடியில் போகும் இடத்தில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் ரோட்டுக்குக் கீழேயே போய்விடும். அப்படியென்றால் தனியார் நிலம் எதற்கு? இதோ காரணங்கள்:

1. ஸ்டேஷனுக்கு ஏறி இறங்கும் வழி. பிளாட்பாரத்தில் படிக்கட்டும் லிஃப்டும் வைக்க இடம் போதாது. ஓரத்து மனைகளில்தான் வைக்கவேண்டும்.

2. சுரங்கத்துக்குக் காற்றுப் போக்கி, மின் அறை, குளிர்சாதன அறை.

3. வளைவு. ரோடு சட்டென்று திரும்பும். ரயில் அப்படித் திரும்பாது. ரேடியஸ் குறைந்தால் வேகம் குறையும், சக்கரமும் தண்டவாளமும் தேயும். அதனால் ரோட்டு முனையில் இருக்கும் மனை அடிபடும்.

4. டிப்போ. வண்டிகளை நிறுத்தவும் பழுது பார்க்கவும் ஒரே இடத்தில் பெரிய நிலம் வேண்டும்.

ஆக, எடுக்கும் நிலம் பெரும்பாலும் சின்னத் துண்டு. ஆனால் அந்தத் துண்டில்தான் ஒருவருடைய கடையின் முகப்போ, வீட்டின் படிக்கட்டோ இருக்கும்.

எந்த அதிகாரத்தில் எடுக்கிறார்கள்?

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் வந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது இருப்பது 300-ஏ பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதாவது அரசு நிலத்தை எடுக்கலாம், ஆனால் பொதுக் காரியத்துக்காக, சட்டம் சொல்லும் வழியில்தான் எடுக்கவேண்டும்.

வெள்ளைக்காரன் போட்ட 1894-ம் வருஷச் சட்டம்தான் நூறு வருஷத்துக்கு மேல் நாடு முழுக்க நடந்தது. அதற்குப் பதிலாக 2013-ல் புதுச் சட்டம் வந்து, 2014 ஜனவரி 1 முதல் அமலானது. நியாயமான இழப்பீடும் மறுவாழ்வும் உரிமை என்று அதன் பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் நம் மாநிலத்துக்குத் தனியாகச் சில நில எடுப்புச் சட்டங்கள் உண்டு. அதில் ஒன்று, தொழில் நோக்கங்களுக்கான 1997-ம் வருஷ நில எடுப்புச் சட்டம். சென்னை மெட்ரோவுக்கு நிலம் எடுப்பது இதன் கீழ்தான். வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும்:

முதலில் வழித்தடம் முடிவாகும். அந்தக் கோடு எந்தெந்த சர்வே எண் மேல் விழுகிறது என்று புலப்படத்தை வைத்து நில எடுப்பு வரைபடம் போடுவார்கள். பிறகு உரிமையாளருக்கும் அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவர்களுக்கும் "ஏன் எடுக்கக்கூடாது, காரணம் இருந்தால் சொல்லுங்கள்" என்று நோட்டீஸ். பிறகு விசாரணை. அதன் பிறகு அரசிதழில் அறிவிக்கை. அறிவிக்கை வந்த அன்றே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்குச் சேர்ந்துவிடும். தொகையைப் பேசி முடிவு செய்யலாம். ஒத்துவராவிட்டால் கலெக்டர் நிர்ணயிப்பார். அதிலும் திருப்தி இல்லையென்றால் கோர்ட்.

2013 சட்டத்துக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் என்ன? 2013 சட்டத்தில் நிலத்தைத் தொடும் முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும். யார் யார் பாதிக்கப்படுவார்கள், வேறு இடம் உண்டா, இவ்வளவு நிலம் தேவையா என்று பார்த்து, ஊர் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும். மாநிலச் சட்டத்தில் அந்தப் படி கிடையாது. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தை ஒட்டியே போகவேண்டும் என்று திருத்தம் செய்தார்கள். இந்த ஏற்பாடு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு மாநிலச் சட்டங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அது செல்லும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சுருக்கமாகச் சொன்னால், பணக் கணக்கு புதுசு, கேட்கும் முறை பழசு.

கணக்குப் போடுவோம்

2013 சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் சூத்திரம் இதுதான்:

நிலத்தின் சந்தை மதிப்பு × பெருக்கக் காரணி + நிலத்தின் மேல் உள்ள கட்டடம், மரம், கிணறு முதலியவற்றின் மதிப்பு. வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை.

நகரத்தில் காரணி 1. கிராமத்தில் 1 முதல் 2 வரை, தூரத்தைப் பொறுத்து. சந்தை மதிப்பைப் பார்க்க அரசு வழிகாட்டி மதிப்பை ஒரு பக்கமும், அக்கம்பக்கத்தில் மூன்று வருஷத்தில் பதிவான கிரையங்களில் விலை கூடிய பாதியின் சராசரியை ஒரு பக்கமும் வைத்து, எது அதிகமோ அதை எடுக்கவேண்டும். இது தவிர, முதல் அறிவிக்கை தேதியிலிருந்து நிலத்தின் சந்தை மதிப்பில் வருஷத்துக்கு 12 சதவீதம் கூடுதலாக உண்டு.

கணக்கு புரிவதற்காகக் கற்பனை எண்களை வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒருவருக்கு 600 சதுர அடி போகிறது. வழிகாட்டி மதிப்பு சதுர அடி 8,000 ரூபாய். கிரையச் சராசரி 10,000. கூடியது 10,000. நிலம் 60 லட்சம். கட்டடம் 12 லட்சம். கூட்டினால் 72 லட்சம். ஆறுதல் தொகை 72 லட்சம். ஆக 144 லட்சம். ஒன்றரை வருஷம் ஆகியிருந்தால் 60 லட்சத்துக்கு 12 சதவீதப்படி 10.8 லட்சம். மொத்தம் 154.8 லட்சம்.

இப்போது எங்கள் மலைக்கு வாருங்கள். 30 சென்ட் மேட்டு நிலம். சென்ட் 3,000 ரூபாய் என்று வைத்தால் 90,000. காரணி 1.5 என்று வைத்தால் 1,35,000. புளியமரம் ஐந்து, ஒன்று 20,000 என்றால் 1,00,000. கூட்டினால் 2,35,000. ஆறுதல் தொகையோடு 4,70,000.

இதில் மூன்று மரம்தான் ஃபீல்டு புக்கில் இருக்கிறது என்று வையுங்கள். 1,35,000 + 60,000 = 1,95,000. இரண்டு மடங்கு 3,90,000. வித்தியாசம் 80,000 ரூபாய்! இரண்டு மரத்தை எண்ண எத்தனை நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். சூத்திரம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் நாம் எழுதாத மரத்தை அது பெருக்காது. ஆறுதல் தொகை இரட்டிப்பாக்கும்போது நம் தப்பையும் சேர்த்து இரட்டிப்பாக்கிவிடுகிறது.

பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

மரம் விட்டுப்போவது போலவே மனுஷனும் விட்டுப்போவது உண்டு. நில எடுப்பில் முதலில் பார்ப்பது பட்டாவில் யார் பெயர் என்பதைத்தான். ஆனால் நகரத்தில் ஒரு மனையில் உரிமையாளர் ஒருவர், கடை நடத்துபவர் இன்னொருவர், வாசலில் அயர்ன் வண்டி போட்டிருப்பவர் மூன்றாமவர். நோட்டீஸ் முதல் ஆளுக்குப் போகும். பிழைப்பு மூன்று பேருக்கும் போகும்.

இதை 2013 சட்டம் யோசித்திருக்கிறது. நிலம் இல்லாவிட்டாலும், மூன்று வருஷமாக அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள், அந்த இடத்தை நம்பித் தொழில் செய்த குத்தகைதாரர், கைவினைஞர், கூலிக்காரர் ஆகியோரும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற விளக்கத்துக்குள் வருகிறார்கள். வன உரிமையை இழக்கும் பழங்குடிக் குடும்பமும் வருகிறது. ஆனால் மூன்று வருஷம் இருந்தார் என்பதை யார் எழுதுவது? கணக்கெடுக்கப் போகும் ஆள்தான். அந்த ஆள் நாளைக்கு நம்மில் ஒருவர்.

கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும்?

சென்னை ராயப்பேட்டையில் நடந்த வழக்கு ஒன்று நல்ல உதாரணம். அங்கே ஸ்டேஷன் வழிக்காகக் கோயில் இடத்தைத் தொடுவதாக முதலில் திட்டம். எதிர்த்து வழக்கு வந்ததும், திட்டத்தை மாற்றி யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் இடத்தை எடுக்க நோட்டீஸ் போனது. அந்த மாற்றம் முடிவானபோது அந்த நிறுவனத்தை யாரும் கேட்கவில்லை. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அந்த நோட்டீஸை ரத்து செய்தார். பெரிய அரசு நிறுவனமாகவே இருந்தாலும் அதன் தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்பதுதான் இதில் நமக்குப் பாடம். வக்கீல் வைக்க வசதி உள்ளவர் கோர்ட்டுக்குப் போனார். வசதி இல்லாதவருக்கு நோட்டீஸும் விசாரணையும் மட்டும்தான் கோர்ட்.

நிலமே எடுக்காத இடத்திலும் பொறுப்பு போகாது. 2019 ஆகஸ்ட் கடைசியில் கொல்கத்தா பௌபஜாரில் கிழக்கு மேற்கு மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது நீர் உள்ள அடுக்கில் இயந்திரம் இடித்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்து, மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தே போயின. குடியிருந்தவர்களை வெளியேற்றி ஓட்டல்களில் தங்க வைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கும் பாதிப்புத்தானே? அதனால்தான் சுரங்க வேலைக்கு முன்பே மேலே உள்ள ஒவ்வொரு கட்டடத்தின் நிலையையும் படத்தோடு பதிவு செய்து, விரிசலுக்கும் சாய்வுக்கும் கருவி வைத்து ரீடிங் எடுக்கிறார்கள். அந்த ரீடிங்கையும் பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதலாமா?

மலைக்கு இதில் என்ன?

"மெட்ரோ மலைக்கா வரப்போகுது?" என்று நீங்கள் கேட்கலாம். மெட்ரோ வராது. ஆனால் ரோடு வரும், மின் டவர் வரும். 2018-ல் சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைக்கு எங்கள் மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர்களில் அளவுக் கல் நட்டார்கள். சுமார் 277 கி.மீ. திட்டம். செங்கம், போளூர் பக்கம் விவசாயிகள் வயலில் நின்று அழுததைப் பேப்பரில் எல்லாரும் பார்த்தோம். 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், ஆரம்ப அறிவிக்கைகள் செல்லும், சட்டப்படி மேலே போகலாம் என்றது. எந்தப் பக்கம் நியாயம் என்று நான் இங்கே பட்டிமன்றம் நடத்தவில்லை. நட்ட கல்லைப் பார்த்துத்தான் பல பேருக்குச் சேதியே தெரிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மலை நிலத்துக்குத் தனிச் சிக்கலும் உண்டு. பழங்குடிப் பகுதி என்று அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட இடங்களில், நிலம் எடுக்கும் முன் கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்கிறது 2013 சட்டம். ஆனால் தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறையாக வாழ்ந்தாலும் அந்தப் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை.

இன்னொன்று, 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பாடுபட்டு வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தரலாம். அந்த நிலம் பிள்ளைக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. விற்காத நிலத்துக்குக் கிரையப் பத்திரம் ஏது? கிரையம் இல்லாவிட்டால் சராசரி ஏது? இப்படி விற்பனைக்குச் சட்டத் தடை உள்ள இடங்களில், பக்கத்தில் உள்ள அதே மாதிரி நிலத்தின் விலையை வைத்து அரசு அடிப்படை விலை நிர்ணயிக்கவேண்டும் என்று 2013 சட்டமே சொல்கிறது. இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை பேர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார்களோ! ஊரில் யாருக்காவது நோட்டீஸ் வந்தால் இந்த வரியைச் சொல்லுங்கள்.

நாம் செய்யவேண்டியவை

நாளை நாம் சர்வேயராகவோ, ஓவர்சீயராகவோ, கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகவோ போவோம். அப்போது:

1. அளக்கும்போது நிலத்துக்காரரைக் கூட நிற்க வையுங்கள். அளந்ததைப் படித்துக் காட்டுங்கள்.

2. மரம், கிணறு, போர், களம், மாட்டுக் கொட்டகை, படிக்கட்டு எதையும் விடாமல் எழுதுங்கள். மரத்தின் வகையும் சுற்றளவும் சேர்த்து எழுதுங்கள்.

3. பட்டாக்காரர் யார் என்பதோடு அங்கே இருப்பவர் யார், பிழைப்பவர் யார் என்றும் கேளுங்கள்.

4. ஒரு மனையில் பாதி போனால், மீதி உபயோகப்படுமா என்று குறிப்பு வையுங்கள். பாதி படிக்கட்டை வைத்துக்கொண்டு யார் மாடி ஏறுவது?

5. டேலி ஆகாத ரீடிங்கை டேலி ஆனதாக எழுதாதீர்கள். மறுபடி அளங்கள்.

மெட்ரோ வேண்டாம், ரோடு வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நாம் சிவில் படிப்பதே ரோடும் பாலமும் போடத்தான். எங்கள் மலையில் பிரசவ வலி வந்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிப்போன கதையை ஆயா இன்னும் சொல்லும். அதைக் கேட்டு வளர்ந்தவன் ரோடு வேண்டாம் என்று சொல்லமாட்டான். எடுக்கும்போது யாரிடமிருந்து, எவ்வளவு, என்னென்ன எடுக்கிறோம் என்பதை உண்மையாக எழுதுவோம் என்றுதான் சொல்கிறேன். சட்டம் போடுவது டெல்லியிலும் கோட்டையிலும். தீர்ப்புச் சொல்வது கோர்ட்டில். ஆனால் அவர்கள் எல்லாரும் கையில் வைத்துப் பார்க்கும் பேப்பர், ஒரு டிப்ளமோக்காரன் வெயிலில் நின்று எழுதிய ஃபீல்டு புக்கிலிருந்து வந்தது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இந்தச் சட்டமெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, நீ போற எடத்துல மரத்தை ஒழுங்கா எண்ணு" என்றார்.

அடுத்த பிராக்டிகலில் நான் கேன்டீனுக்கு லேட்டாகத்தான் வருவேன், நண்பர்களே. எனக்கும் ஒரு டீ சொல்லி வையுங்கள்.